காயமுற்ற உழைப்பாளிக்கு ஒரு விசாரணை அதிகாரி

உழைத்துப் பிழைப்பவனுக்கு உடலே முதல். வியாபாரி தன் கைம்முதலை இழந்தால் கடன் வாங்கியேனும் மீண்டும் கடை திறப்பான். உழைப்பாளி தன் கையையோ காலையோ இழந்துவிட்டால் அதை ஈடு செய்ய எந்தச் சந்தையிலும் வழியில்லை. ஆகவே, வேலையின்போது நேரும் விபத்துக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்பதை நாகரிக நாடுகள் அனைத்தும் சட்டமாக்கியுள்ளன. நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் ஒரு நூற்றாண்டாக இருந்து வருகிறது. எனினும், அந்த உரிமையைக் கேட்டு வரும் ஏழையின் வழக்கை உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். அவரை நியமிப்பது யார், அவருக்கு உரிய தகுதிகள் யாவை, அவர் செய்யக்கூடியது என்ன என்பவற்றைக் கிராம மக்கள் அறிந்திருப்பது அவசியம். தூத்துக்குடித் துறைமுகத்தையும் முத்துக்குளித்துறைக் கடற்கரையையும் முன்வைத்து இவற்றை நாம் இங்கே ஆராய்வோம்.

கடற்கரையின் தொழில்களும் ஆபத்துக்களும்

தூத்துக்குடிக் கரையையொட்டிக் கடல் ஆழம் குறைந்தது. ஆகவே பழைய துறைமுகத்தின் நாட்களில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் சென்று சரக்கை இறக்கி வரும். அலையில் ஆடும் தோணிக்கும் அசையும் கப்பலுக்கும் நடுவே மூட்டை பிடித்தவர்களின் கைகால்கள் எத்தனை இடர்களுக்கு உட்பட்டிருந்தன என்பதைக் கடலோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிய ஆழ்கடல் துறைமுகம் எழுந்து, 1974 ஜூலை 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. பளு தூக்கிகளும் பெட்டகச் சரக்கும் வந்துவிட்டன. ஆபத்து குறைந்தது என்று சொல்வதைவிட அதன் உருவம் மாறியது என்பதே பொருந்தும்.

துறைமுகத்தோடு ஆபத்து முடிவதில்லை. உப்பளங்களில் வேலை செய்வோர், பனையேறிகள், கலங்கரை விளக்கத்தைப் பேணுவோர், தீயணைப்புப் பணியாளர், சங்கு குளிப்போர் ஆகிய யாவரும் இக்கரையில் உள்ளனர். முயல் தீவின் விளக்கு எரிந்தால்தான் மாலுமிக்கு வழி தெரியும். தீயணைப்போர் ஓடி வந்தால்தான் பண்டகசாலை பிழைக்கும். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைப்பவர்களும் சட்டத்தின் பார்வையில் உழைப்பாளிகளே. கப்பலில் சரக்கு ஏற்றுவோர், இறக்குவோர், தீயணைப்புப் படையினர், கலங்கரை விளக்கப் பணியாளர், பனை சீவுவோர், நீரில் மூழ்கி வேலை செய்வோர் என்று இவர்கள் ஒவ்வொருவரையும் நஷ்டஈட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தனித்தனியே குறிப்பிட்டிருந்தது.

முத்துக்குளித்தலின் வரலாற்றில் ஒரு செய்தி சிந்தனைக்குரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கொடிய மீன்கள் குளிப்போரைத் தீண்டாதபடி மந்திரம் சொல்லிக் கட்டுபவர்களுக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று குறித்துள்ளார். ஆபத்து உண்டென்பதை அந்தக் காலத்தாரும் அறிந்திருந்தனர். அதற்கென ஒரு தொகையையும் ஒதுக்கினர். அத்தொகை மந்திரம் சொன்னவருக்குச் சென்றது. இக்காலச் சட்டமோ அத்தகைய தொகை காயமுற்றவனுக்கும், அவன் மாண்டால் அவன் மனைவி மக்களுக்கும் சேரவேண்டும் என்கிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மனித சமுதாயம் அடைந்த முன்னேற்றத்தை இந்த ஒரு மாறுதலிலேயே காணலாம்.

சட்டம் பிறந்த வரலாறு

தொழில் விபத்துக்கு ஈடு செய்யும் ஏற்பாட்டை ஜெர்மனி 1884-இல் காப்பீட்டு முறையில் தொடங்கியது. இங்கிலாந்து 1897-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டில் அதற்கு முன்பே 1855-ஆம் ஆண்டின் உயிர்க்கேட்டு விபத்துச் சட்டம் இருந்தது. ஆயினும் அதன்படி இறந்தவரின் குடும்பத்தார் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, எதிரியின் குற்றத்தால்தான் மரணம் நேர்ந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். கூலிக்காரக் குடும்பத்திற்கு இது எட்டாக்கனியாகவே இருந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டபொழுது, ஆலையில் விரல் இழந்தவனுக்கு எளிதில் ஈடு பெற்றுத்தரும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை.

1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் 1934-இல் இதுபோன்ற சட்டம் தோன்றியது. நமது சட்டம் பலமுறை திருத்தப்பெற்று, 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் அடிப்படைகள் பெரும்பாலும் அதன் ஏழாம் அத்தியாயத்தில் இடம் பெற்றுள்ளன. முன்னர் 'கமிஷனர்' என்று வழங்கிய விசாரணை அதிகாரியைப் புதிய தொகுப்பு 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று அழைக்கிறது. பெயர் மாறினாலும் பணி மாறவில்லை.

தனி அதிகாரி எதற்கு?

"நாட்டில் நீதிமன்றங்கள் உள்ளனவே, தனியாக ஓர் அதிகாரி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். சிவில் வழக்குக்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். கை ஒடிந்து வேலையற்றிருப்பவனிடம் இவ்விரண்டும் இரா. மேலும், சிவில் வழக்கில் முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். நஷ்டஈட்டுச் சட்டத்தில் அது தேவையில்லை. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்ததா என்பதே முதன்மையான கேள்வி. அது மெய்ப்பட்டால், யார் மீது தவறு என்று ஆராயாமலே முதலாளி ஈடு செய்தாக வேண்டும்.

குடிமயக்கம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவை சில வழக்குகளில் முதலாளிக்கு விலக்களிக்கும். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்த இடத்தில் இந்தச் சாக்கும் செல்லாது. இத்தகைய எளிய முறை நடைபெற, அதற்கெனவே பொறுப்பேற்ற அதிகாரி இருப்பதே பொருத்தம். அவர் தீர்க்க வேண்டிய விஷயத்தைச் சிவில் கோர்ட்டு விசாரிக்க இயலாது என்றும் சட்டம் வரையறுத்துள்ளது.

யாரை நியமிக்கலாம்?

இந்த அதிகாரியை நியமிக்கும் உரிமை மாநில அரசுக்கு உரியது. அரசு தன் அறிவிப்பின் வாயிலாக அவரை நியமித்து, அவருக்குரிய எல்லையையும் வகுக்கிறது. முற்காலத்தில் தகுதி பற்றிச் சட்டம் விரிவாகப் பேசவில்லை. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையை நீக்கியது. மாநில நீதித்துறைப் பணியில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இருந்தவர், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர், அல்லது ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் கெஜட் பதிவு பெற்ற அதிகாரியாக இருந்து ஊழியர் நிர்வாகத்திலும் தொழில் உறவிலும் கல்வியும் அனுபவமும் உடையவர் ஆகியோரே இப்பதவிக்கு உரியவர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர்கள் இப்பொறுப்பில் அமர்த்தப்பட்டு வந்துள்ளனர்.

ஓர் எல்லைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அதிகாரிகளையும் அரசு நியமித்து, வேலையைப் பங்கிட்டுத் தரலாம். வழக்கின் பொருள் குறித்துத் தனி அறிவு உடையவர்களை அதிகாரி தம் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் இதன் பயன் பெரிது. அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்து ஆழத்தில் வேலை செய்பவர் விரைந்து மேலே வந்தால் மூட்டு வலியும் பக்கவாதமும் நேரலாம். அழுத்தப்பட்ட காற்றில் செய்யும் வேலையால் உண்டாகும் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் சட்டம் சேர்த்துள்ளது. ஆனால் கரையேறிய சில மணி நேரம் கழித்துக் கால் மரத்துப்போனதற்குக் கடலடியில் செய்த வேலையே காரணம் என்பதைக் கடற்பழக்கம் இல்லாதவருக்கு விளங்கவைப்பது கடினம். இதை அறிந்த மருத்துவர் ஒருவர் அதிகாரியின் பக்கத்தில் அமர்ந்தால் உண்மை எளிதில் வெளிப்படும்.

விசாரணை நடைபெறும் முறை

விபத்து நேர்ந்ததும் முதலாளிக்குக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். கோரிக்கை மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம். முதலாளி அனுப்பும் மருத்துவரிடம் இலவசப் பரிசோதனைக்கு உடன்படுவது தொழிலாளியின் கடமை.

விபத்து நேர்ந்த இடத்திற்குரிய அதிகாரியிடம்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இல்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திற்குரிய அதிகாரியிடமும் மனுச் செய்யலாம். இராமநாதபுரத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து வேலை செய்து மாண்டவனின் மனைவி, தன் ஊருக்கு உரிய அதிகாரியையே நாடலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் அஞ்ச வேண்டியதில்லை. அவர் விரும்பினால், அவர் சொல்வதைக் கேட்டு மனுவைத் தயாரிக்கச் செய்வது அதிகாரியின் பொறுப்பு. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. தொழிற்சங்க நிர்வாகியும் மனுதாரருக்காக வாதாடலாம். சாட்சிகளை வரவழைக்கவும், உறுதிமொழி வாங்கவும், தஸ்தாவேஜுகளை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் இவருக்கும் உண்டு. அவர் விதித்த தொகையைக் கொடாதவரிடமிருந்து அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம்.

மரண வழக்குகளில் முக்கியமான பாதுகாப்பு ஒன்று உண்டு. நஷ்டஈட்டைக் குடும்பத்தாரிடம் நேரே கொடுத்துக் கணக்கை முடித்துவிட முதலாளிக்கு உரிமையில்லை. அவர் அதை அதிகாரியிடம் கட்ட வேண்டும். அதிகாரி உரியவர்களுக்குப் பங்கிட்டு, குழந்தைகளின் பங்கை அவர்கள் நலனுக்கென முதலீடு செய்வார். துக்க வீட்டில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து வெள்ளைத் தாளில் கைரேகை வாங்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு இதுவே தடை. சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

மாத ஊதியத்தில் ஒரு பகுதியை, வயதுக்கேற்ப அட்டவணையில் கண்ட எண்ணால் பெருக்கித் தொகை கணக்கிடப்படுகிறது. மரணமாயின் ஊதியத்தில் 50 சதவீதம். நிரந்தர முழு ஊனமாயின் 60 சதவீதம். 40 வயதுக்குரிய எண் 184.17. 2020 ஜனவரியில் வெளிவந்த அறிவிப்பு, கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்தின் உச்ச அளவை 15,000 ரூபாயாக நிர்ணயித்தது. அந்த அளவை வைத்துப் பார்ப்போம். 40 வயதுத் தொழிலாளி விபத்தில் மாண்டால், 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க 13,81,275 ரூபாய் வரும். அதே தொழிலாளி கட்டைவிரலை முழுவதும் இழந்தால், அட்டவணை அதை 30 சதவீத இழப்பாகக் கொள்கிறது. 9,000-ஐ 184.17-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுக்க, 4,97,259 ரூபாய் கிடைக்கும்.

இத்தொகை விபத்து நேர்ந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கொடாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். மேற்கண்ட மரண வழக்கில் ஓராண்டு வட்டி மட்டும் 1,65,753 ரூபாய். தக்க காரணமின்றித் தாமதித்தவருக்கு, அவர் சொல்வதையும் கேட்டபின், தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

அட்டவணையே முடிவான அளவுகோல் அன்று என்பதை உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற வழக்கில் தச்சர் ஒருவர் இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அட்டவணைப்படி அது பகுதி ஊனமே. ஆனால் ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் அவருக்கு நேர்ந்தது முழு இழப்பே என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. காயமுற்றவனின் தொழிலை உணர்ந்து பார்க்கும் அதிகாரியால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்கு இது நல்ல சான்று.

வேலைக்குச் செல்லும் வழியில்

வேலையிடத்துக்கு வெளியே நேரும் விபத்தே பெரும் வாதத்துக்கு இடமாக இருந்து வந்தது. குஜராத்தின் போர்பந்தர் அருகே உப்பளத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர் ஓடையைக் கடக்கையில் படகு கவிழ்ந்து மாண்டனர். அது பொதுமக்கள் யாவரும் பயன்படுத்தும் படகு என்பதால், விபத்து வேலையின்போது நேர்ந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் தீர்ப்பளித்தது. 1963-இல் பம்பாய்ப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், அவர் வேலை முடித்து நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்பியது பணியின் தொடர்ச்சியே என்று அதே நீதிமன்றம் கொண்டது.

2025 ஜூலையில் இக்கொள்கை மேலும் விரிந்தது. மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைக்குக் காவல் வேலைக்குச் செல்லும் வழியில் 2003-இல் மாண்டவரின் வழக்கில், நேரத்துக்கும் இடத்துக்கும் சூழ்நிலைக்கும் பணியோடு தொடர்பு இருக்குமானால் வழியில் நேர்ந்த விபத்துக்கும் ஈடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய சட்டத்தொகுப்பும் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது. விடியுமுன் உப்பளத்துக்கு நடந்து செல்லும் பெண்களுக்கும், இரவு வேலை முடித்துத் துறைமுகத்திலிருந்து திரும்புவோருக்கும் இது பெரும் ஆறுதல். ஆனால் நீதி கிடைக்க அந்தக் காவலாளியின் குடும்பத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் நாம் மறத்தலாகாது.

வாசலுக்கு வெளியே நிற்போர்

சட்டம் எல்லோருக்கும் பயன்படுகிறதா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். ஊழியர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் அக்காப்பீட்டுக் கழகத்திடமே பயன் பெறவேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்வோருக்கு முதன்மை முதலாளி பொறுப்பாவார்; தாம் கொடுத்ததை அவர் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே, "நீ யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாது" என்று கைகழுவ இடமில்லை.

பங்குமுறையில் கடலுக்குச் செல்பவர்களின் நிலையே இக்கட்டானது. முத்துக்குளித்தலில் குளிப்போருக்கு எடுத்த சிப்பியில் பங்கு கொடுப்பது பழைய வழக்கம். 1961-இல் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் நின்றுவிட்டது. ஆனால் பங்குமுறை மீன்பிடிப்பிலும் சங்குகுளிப்பிலும் தொடர்கிறது. கூலிக்குப் பதில் பங்கு பெறுபவர் தொழிலாளியா, கூட்டாளியா என்ற கேள்வி எழும்பொழுது, ஊதியச் சீட்டோ பதிவேடோ இல்லாத குடும்பம் திகைத்து நிற்கிறது. இவர்களுக்கென 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் மீனவர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொள்வது ஒவ்வொரு கடல்தொழிலாளியின் கடமையாகும். எனினும் வாரியம் தரும் உதவி வேறு. நஷ்டஈட்டு உரிமை வேறு. ஒருவர் உண்மையில் பிறருக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்தாரா என்பதை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவரும் விசாரணை அதிகாரியே.

நியமனம் பயன் தரவேண்டுமானால்

இவ்வளவு பொறுப்புக்களும் ஓர் அதிகாரியின் மேசையில் குவிகின்றன. அந்த நாற்காலி காலியாக இருந்தால் சட்டம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். அதிகாரி மாற்றலாகிச் சென்று அடுத்தவர் வரும்வரை, வழக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. நியமனமும் நிரந்தரமும் இன்றி அவ்விதியைக் காப்பாற்ற இயலாது.

தொலைவும் ஒரு தடையே. ஊன்றுகோலுடன் வருபவர் ஒரு வாய்தாவுக்காக இரண்டு பேருந்துகள் மாறவேண்டியிருந்தால், மூன்றாம் வாய்தாவில் மனம் தளர்ந்து, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுவார். ஆகவே விபத்துக்கள் மிகுந்த துறைமுக நகரங்களில் குறிப்பிட்ட நாட்களில் அதிகாரி முகாமிட்டு வழக்குக் கேட்பது நல்லது. முதலாளிகளுக்கும் இதனால் நன்மையே. விரைவில் முடியும் வழக்கில் வட்டி ஏறாது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செல்லும். அதுவும் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே. முதலாளி மேல்முறையீடு செய்வதானால் முதலில் தொகையைக் கட்ட வேண்டும். எனவே முதல் விசாரணையே பெரும்பாலோருக்கு முடிவான விசாரணை. அது தகுதியுள்ளவரால், நடுநிலையோடு நடத்தப்பட வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

கிராமங்கள் செய்ய வேண்டியவை

அரசு அதிகாரியை நியமிக்கலாம். ஆனால் அவரிடம் சென்று சேரும் வழியைக் காட்டவேண்டியது ஊரின் பொறுப்பு. ஊராட்சி மன்றங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் சிலவற்றைச் செய்யலாம். தம் எல்லைக்குரிய நஷ்டஈட்டு அதிகாரி யார், அவருடைய அலுவலகம் எங்கே என்பதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். வெளியூருக்கு வேலைக்குச் செல்பவர்கள் யாரிடம், என்ன கூலிக்குச் செல்கின்றனர் என்பதைக் குறித்து வைக்கலாம். படகில் செல்வோரின் பெயரையும் பங்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவது படகுச் சொந்தக்காரருக்கும் தொழிலாளிக்கும் நல்லது.

விபத்து நேர்ந்தால் அன்றே மருத்துவமனையில், வேலையின்போது நேர்ந்த காயம் என்று பதியச் செய்ய வேண்டும். உடன் வேலை செய்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெற்றுத் தாளில் எவரும் கையெழுத்திடலாகாது. இரண்டு ஆண்டுக் கெடுவை மனத்தில் இருத்த வேண்டும். படித்த இளைஞர் ஒருவர் ஊருக்கு ஒருவராக இப்பணியை மேற்கொண்டு, மனு எழுத உதவுவாரானால், பல குடும்பங்கள் கடன்காரர் கையில் சிக்காமல் தப்பும்.

தூத்துக்குடிக் கரையில் இறங்கும் சரக்கும், உப்பளத்தில் குவியும் உப்பும், கடலடியிலிருந்து வரும் சங்கும் நாட்டின் செல்வங்கள். அவற்றைக் கொணர்ந்தவர் காயமுற்றுக் கிடக்கும்பொழுது அவர் சொல்வதைக் கேட்க ஓர் அதிகாரி உரிய இடத்தில், உரிய காலத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அத்தகைய நியமனங்கள் காலியின்றி நடைபெறுவதை அரசு கவனிக்க, அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் விழிப்பை மக்கள் பெறுவார்களாக.